சாளரம் நமது, வீடு எவருடையது?



திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை அருகிருந்து பார்த்தவர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். நூலை இங்கே பின்னுகின்றோம். சாயத்தை இங்கே ஏற்றுகின்றோம். அச்சாயக் கழிவை நம் நொய்யலாறு நெடுங்காலம் சுமந்தது. வெட்டுவதும் தைப்பதும் பிசிறு நீக்குவதும் மடிப்பதும் அடுக்குவதும் இங்குள்ள உழைப்பாளர் கைகளே. எல்லாம் முடிந்தபின் கழுத்தின் உட்புறத்தில் ஒரு சிறு துணித்துண்டை வைத்துத் தைக்கின்றோம். அத்துண்டில் உள்ள பெயர் மட்டும் அயலானுடையது. உழைப்பு முழுதும் நமதாய் இருக்க, பெயரும் அப்பெயரால் வரும் பெரும்பொருளும் அவனுடையவாய் இருக்கின்றன.

ஆடைக்கு நேர்ந்த இந்நிலை இக்கால் நம் பேச்சுக்கும் நேர்ந்துள்ளது என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை எழுதப்பெறுகின்றது. கணினியைப் பற்றித் தமிழாசிரியனுக்கு என்ன தெரியும் என்று எவரும் நகைக்க வேண்டா. எழுத்து எங்கெல்லாம் செல்கின்றதோ, அங்கெல்லாம் தமிழாசிரியனும் செல்லக் கடமைப்பட்டவன்.

முன்னெல்லாம் ஒரு வேலையை ஒப்படைக்கத் தாளில் எழுதி, கையொப்பமிட்டு, ஆள்வழி விடுத்தனர். பின்னர்த் தொலைபேசி வந்தது. இக்கால் எல்லாம் கைப்பேசிச் செய்தியே. எந்த நிறம், எத்தனை உருப்படி, எந்த அளவு, எந்நாளில் அனுப்புவது, எந்தக் கட்டில் குறை உள்ளது என்னும் அத்தனையும் வாட்சாப்பு என்னும் செயலியிலும் (நம்மவர் பலர் இதனைப் புலனம் என்பர்) அதனையொத்த பிறவற்றிலுமே ஓடுகின்றன. அச்செய்திகள் எம்மொழியில் ஓடுகின்றன? பெரும்பாலும் தமிழில்தான். எவ்வெழுத்தில் ஓடுகின்றன? ஆங்கில எழுத்தில்! நம் இழிவு தொடங்கும் இடம் இதுவே. இதில் எந்த அயலவனும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. நாமே விரும்பி நம் எழுத்தைக் கழற்றி எறிகின்றோம்.

இதனால் விளையும் கேடு மான உணர்வோடு நில்லாது, வயிற்றையும் தாக்கும். நான் அறிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கின்றேன்.

என் பழைய மாணவர் ஒருவர், அவிநாசிப் பக்கம் சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டு தையற் பொறிகளை வைத்துக் கூலிக்குத் தைத்துத் தருகின்றார். அவர்க்கு வேலை தரும் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் எழுத்தர் ஒருநாள் மாலை ஒரு செய்தி விடுத்தார். அயல்நாட்டில் ஆடை கொள்வோர் வெள்ளை நிறத்தில் மட்டும் ஒரு மாற்றம் கேட்டிருந்தமையால், வெள்ளையை நிறுத்தி வைக்குமாறு சொல்வதே அவர் கருத்து. ஆங்கில எழுத்தில் அடித்தபோது இரட்டிக்க வேண்டிய ஓரெழுத்தை இரட்டாமல் விட்டுவிட்டார். வெள்ளை வேலையாயிற்று! மூன்று நிற ஆடைகளைத் தைத்துக்கொண்டிருந்த என் மாணவர் வேலை முழுவதையுமே நிறுத்திவிட்டார். மறுநாள் உச்சிப்பொழுது வரை ஒரு பொறியும் ஓடவில்லை. அங்கே உருப்படிக் கணக்கில் கூலி பெறுபவர் பெரும்பாலும் பெண்டிர். தைத்தால்தான் கூலி, தைக்காத பொழுதிற்கு ஒன்றுமில்லை. எழுத்தர் ஓரெழுத்தை விழுங்கினார். அவ்வோரெழுத்து அத்தனை குடும்பங்களின் கூலியை விழுங்கிற்று.

மாணவர் என்னிடம் வந்து கேட்டார்: "ஐயா, இதையே தமிழெழுத்தில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்குங்களா?"

வந்திராது! ஆங்கில எழுத்தில் எழுதப்பெறும் தமிழில் லகர, ளகர, ழகரங்கள் ஒன்றோடொன்று மயங்குகின்றன. ரகரமும் றகரமும் ஒன்றாகின்றன. குறிலும் நெடிலும் உருத்தெரியாமற் போகின்றன. பின்னலாடைத் தொழிலில் கறை வேறு, கரை வேறு. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றே. 'கறை இல்லை' என்பது நற்செய்தி. 'கரை இல்லை' என்பது குறைச்செய்தி. ஆறு என்பது எண். அறு என்பது ஏவல். இவ்விரண்டையும் பெரும்பாலார் ஒரே வகையாகவே அடிக்கின்றனர். நம் முன்னோர் ஒலிக்கோர் எழுத்தென வகுத்துத் தந்த செல்வத்தை விட்டுவிட்டு, இருபத்தாறு எழுத்துகளுக்குள் நம் மொழியை மடக்கித் திணிப்பது, பெரியவர் ஆடையைக் குழந்தையின் அளவில் தைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்வது போன்றதே.

அம்மாணவரின் மகள் கோவையில் கணினிப் பொறியியல் பயின்றவள். தந்தைக்கு நேர்ந்த இழப்பைக் கண்ட அப்பெண் வாளா இருக்கவில்லை. எழுத்தர்கள் ஏன் தமிழில் எழுதுவதில்லை என்று முதலில் நோக்கினாள். அலுவலகங்களில் அச்செய்திப் பணியைக் கணினியின் உலவியில் திறந்தே பயன்படுத்துகின்றனர். அதே உலவியில் வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, சரக்குப் பட்டியல் எனப் பற்பல பக்கங்கள் திறந்து கிடக்கும். அவற்றிடையே செய்திப் பக்கம் மறைந்துபோகும். தமிழில் எழுத வேண்டுமாயின் விசைப்பலகை அமைப்பை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அச்சிறு மாற்றத்திற்குச் சோம்பியே விரல்கள் ஆங்கிலத்தில் விழுந்துவிடுகின்றன. தமிழ்ப் பகை அன்று, சோம்பலே கரணியம்!

இதனைக் கண்டறிந்தபின், அச்செய்திப் பணிக்கென்றே தனியாக ஒரு கணினிச் செயலியை அவள் உருவாக்கினாள். எலெக்ட்ரான் என்றொரு கட்டற்ற மென்பொருட் சட்டகம் உண்டு. 2013-இல் தோன்றிய அது, குரோமியம் என்னும் உலவியின் உள்ளுறுப்பைத் தன்னகத்தே கொண்டது. அதன் துணையால் எந்த இணையப் பக்கத்தையும் தனிச் செயலி போல ஒரு சாளரத்துள் நிறுத்தலாம். அப்பக்கத்தின்மேல் நமக்கு வேண்டிய சில ஏந்துகளையும் சேர்க்கலாம். பெரிய நிறுவனங்கள் பலவும் தம் கணினிச் செயலிகளை அச்சட்டகத்தின்மேல்தான் கட்டியுள்ளன. இதற்காகும் பொருட்செலவோ மிகக் குறைவு. வேண்டுவன அறிவும் பொறுமையுமே.

அவள் அமைத்த சாளரம் திறந்தவுடன் விசைப்பலகை தமிழாக இருக்கும். ஆங்கிலம் வேண்டுவோரே மாற்றிக்கொள்ள வேண்டும். பட்டியல்களும் பொத்தான்களும் தமிழ்ப் பெயர் தாங்கி நிற்கும். நிறப்பெயர்களும் அளவுப்பெயர்களும் ஒரு பக்கத்தில் வரிசையாக நிற்க, தொட்டவுடன் செய்தியில் வந்து விழும். எவரேனும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால், அனுப்புமுன் 'தமிழெழுத்தில் எழுதலாமே?' என்று ஒருமுறை கேட்கும், தடுக்காது. இதனைத் தந்தையின் கணினியில் மட்டுமன்றி, அவர்க்கு வேலை தரும் நிறுவனத்து எழுத்தரின் கணினியிலும் நிறுவித் தந்தாள். பிழை பிறந்த இடத்திலன்றோ மருந்தும் வைக்க வேண்டும்?

அவள் பயன்படுத்திய விசைப்பலகை தமிழ்99. 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழி அமைந்து, தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்குமாகப் பகுக்கப்பெற்றமையால் இரு கைகளும் மாறிமாறி இயங்கும். கணினித் தமிழ் வானத்திலிருந்து குதித்ததன்று. மலேசியாவில் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன், 1997-இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடுவதற்கு முன்னின்ற நா. கோவிந்தசாமி, எ-கலப்பையை விலையின்றி வழங்கிய தமிழா குழுவினர் முதலியோர் உழைப்பெல்லாம் அவ்வழியில் உண்டு. எவரும் ஏவாமல், பலர் ஊதியமும் வேண்டாமல் அவர்கள் உழுது வைத்த நிலத்தில், நாம் விதைக்கவும் சோம்புகின்றோம்.

சொற்களுக்காக அப்பெண் என்னிடம் வந்தாள். நானும் ஊக்கம் மிகுந்து அறுபது சொற்கள் கொண்ட பட்டியலொன்று எழுதித் தந்தேன். 'ஓவர்லாக்' என்று அவர்கள் வழங்குவதற்கு 'ஓரப்பூட்டுத் தையல்' என்று ஆக்கியிருந்தேன். பொறியில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவரே பேச்சினூடே 'பிசிறு' என்றும் 'கைமடி' என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் புலவரும் அவர்க்கு ஆக்கித் தந்த சொற்கள் அல்ல அவை. தொழிலாளர் தாமே தம் கையால் நூற்றெடுத்த தூய தமிழ்ச் சொற்கள்! என் அகரமுதலியில் தேடுவதற்கு முன் அவர் வாயில் தேடியிருக்க வேண்டும் என்று அன்றுதான் உணர்ந்தேன். பட்டியலைத் திருத்தினோம். தொழிலாளரிடம் தமிழ்ச்சொல் உள்ளவிடத்து அதனை முதலில் வைத்தோம். அயற்சொல் ஊன்றிவிட்ட இடத்தில் அதனைத் தமிழெழுத்தில் எழுதி, அருகே தமிழ்ச்சொல்லையும் நிறுத்தினோம்.

தூய்மையில் உறைத்து நிற்கும் அன்பர் சிலர் இதற்காக என்மேல் சினக்கலாம். அவர்க்கு என் விடை இது: எழுத்தை இழந்தவன் சொல்லை எங்கே வைத்துக் காப்பான்? முதலில் எழுத்தை மீட்போம்; எழுத்து ஊன்றிய நிலத்தில் சொல் தானே தளிர்க்கும். இன்று 'ஓவர்லாக்' என்று தமிழில் எழுதும் கை, நாளை அருகில் நிற்கும் தமிழ்ச்சொல்லையும் எழுதப் பழகும். ஆங்கில எழுத்தில் எழுதும் கைக்கு அந்நாள் வாராது.

இனித்தான் இக்கட்டுரையின் தலையாய செய்தி வருகின்றது. அச்சாளரம் நான்கு திங்கள் நன்கு நடந்தது. ஒருநாட் காலை திறந்தபோது தமிழ்ப் பொத்தான்கள் அனைத்தும் மறைந்துபோயின. செய்திப் பணியை நடத்துவோர் தம் இணையப் பக்கத்தின் கட்டமைப்பை மாற்றிவிட்டனர். அவள் இரண்டிரவு கண்விழித்துச் செப்பஞ்செய்தாள். சில கிழமைகளில் மீண்டும் அதே நிலை. நான் கேட்டேன்: "ஏன் கண்ணு, இதற்கு முடிவே இல்லையா?" அவள் கொங்குத் தமிழில் சொன்ன மறுமொழி என் நெஞ்சில் தைத்துவிட்டது: "நாஞ் செஞ்சது சன்னல் மட்டுந்தானுங்கய்யா; ஊடு அவுங்களுது. அவுங்க செவுத்தெ நவுத்துனா என்ற சன்னல் உளுந்துருமுங்க."

நூறு பக்க நூல் சொல்லாத உண்மையை அப்பெண் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். பிறர் பணியின்மேல் நாம் கட்டும் செயலி என்பது கூலித்தையலே. பொறி நமது, உழைப்பு நமது, துணி அவனது. அவன் வேண்டும்போது துணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தம் ஒப்புதல் பெறாத செயலிகள் வழியாக நுழைவோரை வெளியே நிறுத்தவும் அவர்களால் முடியும். 2015-இல் வாட்சாப்பு பிளசு என்னும் பிறர் ஆக்கிய செயலியைப் பயன்படுத்தினோரை வாட்சாப்பு நிறுவனம் அவ்வாறே ஒருநாள் வெளியே நிறுத்தியது. பிறராக்கிய செயலிகளால் செய்திக் களவு நேரக்கூடும் என்று அவர்கள் சொல்லும் கரணியத்திலும் ஓரளவு உண்மையுண்டு. எவன் செய்ததென்று தெரியாத பூட்டை எவரும் தம் வீட்டுக்குப் போட்டுக்கொள்ளலாகாது. ஆயினும், கேடானதையும் நல்லதையும் பிரித்தறியாமல் எல்லார்க்கும் கதவடைப்பது நயன்மையாகாது.

வீடு என்றைக்கும் பூட்டியே இருந்ததன்று. 1999-இல் செரெமி மில்லர் என்பவர் சாபர் என்னும் பெயரில் செய்திப் பரிமாற்றத்திற்கு ஒரு திறந்த நெறியை வெளியிட்டார். எக்சு.எம்.பி.பி. என்னும் பெயரால் 2004-இல் அஃது இணையத்தின் பொதுத் தரமாயிற்று. அஞ்சலட்டையை எந்தப் பேனாவாலும் எழுதி எந்தப் பெட்டியிலும் இடலாம் அன்றோ? அதுபோல அந்நெறியில் எவரும் தமக்கேற்ற செயலி செய்து எவரோடும் பேசலாம். 2005-இல் கூகுள் தொடங்கிய உரையாடற் பணி அந்நெறியைத்தான் பின்பற்றிற்று. 2013-இல் புதிய பணிக்கு மாறியபோது அக்கதவைச் சார்த்தத் தொடங்கிற்று. 2009-இல் பிறந்த வாட்சாப்பும் அந்நெறியையே தன் தேவைக்கேற்ப மாற்றி அமைத்துக்கொண்டு வளர்ந்ததுதான். ஆனால் பிறர்க்குக் கதவு திறக்கவில்லை. 2014-இல் முகநூல் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. பொதுக் கிணற்றில் நீரெடுத்துப் பயிர் வளர்த்தவர், விளைந்தபின் வேலியிட்டுக்கொண்டனர்!

இங்கே ஓர் அன்பர் இடைமறிப்பார்: "நமக்குத்தான் 'அரட்டை' வந்துவிட்டதே!" ஆம், அதனையும் ஆராய்வோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் 2021-இல் வெளியிட்ட செயலி அது. தென்காசி போன்ற ஊர்களிலும் அலுவலகம் அமைத்துச் சிற்றூர் இளைஞர்க்கு வேலை தருவது அந்நிறுவனம். 2025 செப்டம்பரில் அரட்டையின் புதுப்பதிவுகள் மூன்றே நாள்களில் நாளொன்றுக்கு 3,000 என்பதிலிருந்து 3,50,000-ஆக உயர்ந்தன என்று நிறுவனர் சிறீதர் வேம்பு தெரிவித்தார். கைப்பேசியில் மட்டுமன்றிக் கணினிக்கும் அதற்குத் தனிச் செயலி உண்டு. உலகறிய ஒரு தமிழ்ச்சொல்லைத் தாங்கி நிற்பதற்காக அதனைப் பாராட்டுகின்றேன். 'அரட்டை' என்பது வெறும்பேச்சைக் குறிப்பதாயிற்றே என்று புலவர் சிலர் முகஞ்சுளிக்கலாம். வேற்றுமொழிப் பெயரைச் சூடிய வினைத்திறத்தினும் தமிழ்ப் பெயர் சூடிய வெறும்பேச்சு எனக்கு இனிக்கின்றது.

ஆனால் பெயர் தமிழாவதால் மட்டும் உள்ளிருப்பதெல்லாம் நமதாகிவிடாது. பதிவுகள் பெருகிய அப்பொழுதில், அனுப்புவோரும் பெறுவோருமன்றி இடையிலுள்ள எவரும் படிக்கவியலாத முழு மறையாக்கம் அதன் அழைப்புகளுக்கு இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இருந்ததில்லை. அக்குறையைப் பலர் சுட்டினர். பின்னரே அதனை நீக்க முனைந்தனர். நம்மவர் செய்தது என்பதற்காகக் குறையை மறைத்துப் பேசுவது தமிழ்ப்பற்று ஆகாது. அயலவன் வீட்டுக்கு மாற்றாக நம்மவன் வீடு கிடைத்தது நன்றே. ஆனால் நம்மவன் வீட்டுக்கும் பூட்டுண்டு. திறவுகோல் அவனிடமே உண்டு. என் மாணவரின் மகள் கட்டும் சாளரம் அங்கும் அவன் இசைவால்தான் நிற்கும்.

அப்படியாயின் செய்ய வேண்டுவது யாது? வீட்டை மாற்றுவதன்று, தெருவைப் பொதுவாக்குவது! இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டா. திருப்பூர்த் தேநீர்க் கடைக்குச் செல்லுங்கள். நீங்கள் ஒரு செயலியில் பணம் செலுத்துகின்றீர்கள். கடைக்காரர் வேறொரு நிறுவனத்தின் செயலியில் பெறுகின்றார். இருவர் வங்கியும் வேறுவேறு. தடையின்றி நடக்கின்றது. 2016-இல் தொடங்கப்பெற்ற யு.பி.ஐ. என்னும் பொது நெறி அதற்கு அடிப்படை. சில உருவாத் தேநீர்க்குப் பொதுத் தெரு இருக்கின்றது; பல்லாயிரவர் வயிற்றுப்பிழைப்பை நடத்தும் செய்திக்கு ஏன் இல்லை? செய்திப் பரிமாற்றமும் யு.பி.ஐ. போலவும் மின்னஞ்சல் போலவும் திறந்த நெறியில் இயங்க வேண்டுமென்று சிறீதர் வேம்பும் 2025-இல் சொல்லியுள்ளார். சொன்னதைச் செய்வித்தல் நம் கடமை. ஐரோப்பிய ஒன்றியமோ 2022-இல் இயற்றிய சட்டத்தால், வாட்சாப்பு போன்ற பெரும்பணிகள் கேட்கும் பிற பணிகளுக்குக் கதவு திறந்தாக வேண்டுமென்று கட்டளையிட்டு, 2024 முதல் அக்கடமையைச் சுமத்தியுள்ளது. அவர்கள் கேட்டனர்; பெற்றனர். நாம் கேட்கவேயில்லை.

பொதுத்தெரு அமைந்தால் தமிழுக்கு என்ன ஆக்கம் என்பீர்கள். தமிழை முதலில் வைக்கும் செயலியை எவரும் செய்யலாம். அயலவன் சுவரை நகர்த்தினாலும் அது விழாது. கண்பார்வையற்றார்க்குத் தமிழில் படித்துக் காட்டும் செயலியைச் செய்யலாம். எழுதத் தெரியாத மூதாட்டியின் பேச்சை எழுத்தாக்கும் செயலியைச் செய்யலாம். இவ்வுரிமை தமிழர்க்கு மட்டுமன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து நம் திருப்பூரில் பொறியில் அமர்ந்திருக்கும் உழைப்பாளர்க்கும், தம் தாய்மொழியைத் தம் எழுத்தில் எழுதும் உரிமை அதனால் கிட்டும். நம் மொழிக்கு நாம் கேட்பதைப் பிறர் மொழிக்கு மறுப்போமாயின், நம் கேள்வியே பொய்யாகும்.

எனவே அன்பர்களே, மூன்று வேண்டுகோள். திருப்பூர்த் தொழில் முனைவோரே! உங்கள் ஆணைகளைத் தமிழெழுத்தில் எழுதுவதென்று நாளையே முடிவு செய்யுங்கள்; உங்கள் எழுத்தர்க்குத் தமிழ்99 பழக்குங்கள்; அதற்குச் சில நாட் பயிற்சியே வேண்டும். தமிழக அரசே! தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகத் தமிழ் விசைப்பலகை உறுப்பையும் தொழிற்சொற் பட்டியல்களையும் எவரும் எடுத்துத் தம் செயலியில் பொருத்துமாறு கட்டற்ற உரிமத்தில் வழங்குக. அரசுத் துறைகளின் செய்திகளைத் திறந்த நெறியிலேயே இயக்குக. பெரும்பணிகளின் கதவைத் திறக்கும் சட்டத்திற்குக் குரல் கொடுக்க. கணினி பயின்ற இளையோரே! அயல்நாட்டு நிறுவனங்களுக்குக் கூலித்தையல் தைக்கும் உங்கள் விரல்கள், கிழமைக்கு ஒருநாளேனும் தமிழுக்குச் சாளரம் செய்யட்டும்.

அம்மகள் இன்றும் தன் சாளரத்தைச் செப்பஞ்செய்துகொண்டே இருக்கின்றாள். அது விழும்போதெல்லாம் எழுப்புகின்றாள். அவள் தந்தையின் பட்டறையில் அதன்பின் வெள்ளை வேலையானதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் கண்விழிப்பில் ஓர் இனத்தின் எழுத்து நிற்பது அவளுக்குப் பெருமை, நமக்கு நாணம். இன்று உங்கள் கைப்பேசியை எடுத்து, நீங்கள் இறுதியாக விடுத்த செய்தி எவ்வெழுத்தில் உள்ளதென்று பாருங்கள். தமிழெழுத்தில் இல்லையேல், முதற் பிழையை அங்கிருந்தே திருத்துங்கள்!